திகட்டாமல் செய்யப்பட்ட தீனி: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு மளிகைக் கடைக்காரரின் திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புதுதில்லி.

அய்யா, அம்மா,

போன வாரம் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பையனுக்கு நாலு வயசு. மத்தியானம் சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டானாம். வந்ததும் கடைக்குள் தலைக்கு மேலே தொங்குகிற சோளப் பஃப் பாக்கெட் சரத்தைக் கை காட்டினான். நான் இரண்டு பாக்கெட் கிழித்துக் கொடுத்தேன். பாட்டி பத்து ரூபாயை நீட்டிக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சி, படத்துல தக்காளி எல்லாம் போட்டிருக்கு. காய்தான உள்ள இருக்கு? சோறு திங்காட்டியும் இதாவது வயித்துக்குள்ள போகட்டும்."

பாக்கெட்டை வாங்கித் திருப்பினேன். கண்ணாடியைப் போட்டும் எழுத்து தெரியவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் சோளமாவு, அரிசிமாவு, அடுத்தது பாமாயில், அப்புறம் மசாலாத் தூள் என்ற பெயரில் எட்டு வரிக்கு ஒரு பட்டியல். தக்காளி இருந்தது, தூளாக, அந்தப் பட்டியலின் நடுவில் எங்கேயோ. எல்லாமே ஆங்கிலம். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். "காய் இல்ல ஆச்சி, மாவும் எண்ணெயும் உப்பும்தான்" என்று சொல்லி முடிப்பதற்குள் பையன் முதல் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டான்.

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பாக்கெட்டின் முன்பக்கம்தான். சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகம் உள்ள தின்பண்டங்களின் முன்பக்கத்திலேயே அதைச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு பத்து வருடத்துக்கு மேலாக நடக்கிறது. 2022 செப்டம்பரில் நட்சத்திர மதிப்பெண் போடலாம் என்று ஒரு வரைவு கொண்டுவந்தீர்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உங்கள் நிபுணர் குழு மூன்று மாதத்துக்குள் பரிந்துரை தர வேண்டும் என்றது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் வாங்கினீர்கள். அந்தக் கெடுவும் போய்விட்டது. என் கடையில் தொங்குகிற சரங்களில் முன்பக்கம் அப்படியே இருக்கிறது. தக்காளி, சிரிக்கிற பொம்மை, உள்ளே இலவச விளையாட்டுப் பொருள்.

நான் கோவில்பட்டியில் 27 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தொடக்கப் பள்ளிக் கேட்டிலிருந்து என் கடைக்கு அறுபது எட்டுதான். விற்கிறவனே இப்படிக் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். நான் விற்கிறேன், மறைக்கவில்லை. விற்பதால்தான் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது. யார் எதை வாங்குகிறார்கள், எத்தனை நிமிடத்தில் திரும்பி வருகிறார்கள் என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

எங்கள் ஊர்க் கடலை மிட்டாய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் கடையில் கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் அதையும் வாங்குகிறார்கள், சரத்தில் தொங்குவதையும் வாங்குகிறார்கள். கடலை மிட்டாய் வாங்கிய பிள்ளை அன்றைக்கு இன்னொரு தடவை கடலை மிட்டாய்க்கு வந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டு வரும். பாக்கெட் வாங்கிய பிள்ளை கையை டவுசரில் துடைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்ப வந்து நிற்கும். காசு இருந்தால் வாங்கும், இல்லாவிட்டால் சரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

இதைப் பார்த்து நான் வருடக்கணக்காகச் சொன்னது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு நீளம்" என்பதுதான். பெற்றோரும் அதைத்தான் சொல்கிறார்கள், வாத்தியார்களும் அதைத்தான் சொல்கிறார்கள். வாயைக் கட்டத் தெரியவில்லை, வளர்ப்புச் சரியில்லை. அந்தப் பேச்சு தப்பு என்று எனக்கு விளங்கியது என் சொந்த உடம்பால்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் காலில் ஒரு புண் ஆறவில்லை என்று டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 8.4 சதவீதம் என்று வந்தது, சர்க்கரை நோய் என்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்றேன். நடுவில் என்று கேட்டார். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். நாலு மணிக்குக் கடையில் ஆள் இருக்காது. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு பாக்கெட்டைப் பிரிப்பேன். அது ஒன்றோடு நிற்காது. மூன்று, சில நாள் நாலு. கூடவே கிரீம் பிஸ்கட். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை, ஏனென்றால் சாப்பிட்ட மாதிரியே தோன்றியதில்லை.

நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் பிடிவாதக்காரன். பீடியை ஒரே நாளில் விட்டவன். இதை விட முடியவில்லை. ஒன்றுதான் என்று சொல்லிப் பிரிப்பேன். அடியில் கிடக்கும் தூளை உள்ளங்கையில் கொட்டி நக்கும்போது அடுத்த கை தானாகச் சரத்துக்குப் போகும். பசி கிடையாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் கை போகும். ஐம்பது வயசுக்காரன் எனக்கே இந்தக் கதி என்றால், அந்த நாலு வயசுப் பையனைப் பார்த்து வாயைக் கட்டு என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

என் மகள் கல்லூரியில் உணவு அறிவியல் படிக்கிறாள். அவளிடம் என் சங்கடத்தைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஒரு வேலை செய்து காட்டினாள். தராசில் 30 கிராம் வறுத்த கடலையும் 30 கிராம் சோளப் பஃப்பும் நிறுத்து வைத்தாள். பழக்கமான வேகத்தில் சாப்பிடச் சொன்னாள். கடலை தீர எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது. பஃப் மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்தது. அப்புறம் ஒரே ஒரு பஃப்பை எடுத்துக் கடிக்காமல் நாக்கில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். நுரை மாதிரி அமுங்கிக் கரைந்து போனது. வாயில் எண்ணெயும் உப்பும் புளிப்பும் மட்டும் மிச்சம். "அப்பா, வாயில நிக்காத பண்டத்த மூள கணக்குல எழுதாது" என்றாள். இதற்கு உணவு அறிவியலாளர் ஸ்டீவன் விதர்லி ஒரு பெயர் வைத்திருக்கிறாராம், மறைந்துபோகும் கலோரி அடர்த்தி என்று. வாயில் சட்டென்று கரைந்துவிட்டால் அதில் சத்தே இல்லை என்று மூளை ஏமாந்து, இன்னும் கொண்டா என்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு, திகட்டுவது. அதிரசம் இரண்டு தின்றால் திகட்டும். பாயசம் இரண்டாவது தம்ளரில் திகட்டும். வெல்லக்கட்டியைக் கொடுத்தால் பிள்ளைகூட ஒரு துண்டோடு போதும் என்று சொல்லிவிடும். இந்தத் திகட்டல்தான் உடம்பு போட்டிருக்கும் கடிவாளம். ஒரே சுவை தூக்கலாக வந்துகொண்டே இருந்தால் மூளைக்கு அலுத்துவிடுகிறது, வேறு ஏதாவது கொடு அல்லது நிறுத்து என்கிறது.

பாக்கெட்டுக்குள் இருப்பது திகட்டாத மாதிரி செய்யப்பட்டது. தற்செயலாக வந்த பக்குவம் இல்லை. அமெரிக்காவில் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ் என்பவர் பெரிய பெரிய உணவுக் கம்பெனிகளுக்கு இதைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். சர்க்கரையைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடம் வரைக்கும் ருசி ஏறும், அதைத் தாண்டினால் திகட்டும். அந்த உச்சிப் புள்ளி எங்கே என்று பத்துப் பத்தாக வேறு வேறு கலவை செய்து, ஆயிரக்கணக்கில் ருசி பார்க்க வைத்துக் கண்டுபிடிப்பார்கள். உப்புக்கும் கொழுப்புக்கும் அதே வேலை. ஒரு சுவையும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியாதபடி இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம் எல்லாவற்றையும் கலந்துவிடுவார்கள். எது தூக்கல் என்று தெரியாதபோது மூளைக்கு எதில் அலுக்கும்?

மாவும் கொழுப்பும் சேர்ந்து வருவது இன்னொரு சங்கதி. காட்டிலும் வயலிலும் கிடைப்பதைப் பாருங்கள். பழத்தில் இனிப்பு உண்டு, கொழுப்பு இல்லை. கறியில் கொழுப்பு உண்டு, மாவு இல்லை. பாலைத் தவிர இரண்டும் கணிசமாகச் சேர்ந்து வருவது அபூர்வம். 2018இல் வந்த ஓர் ஆய்வில், கலோரி ஒரே அளவாகவும் விருப்பம் ஒரே அளவாகவும் இருந்தும், இரண்டும் சேர்ந்த தின்பண்டத்துக்கு மக்கள் அதிகக் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று மகள் சொன்னாள். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. என் கல்லாவுக்கு அது எப்போதோ தெரியும்.

இதை எல்லாம்விட என்னை உலுக்கியது கெவின் ஹால் என்ற அமெரிக்க அரசு ஆராய்ச்சியாளர் 2019இல் வெளியிட்டது. 20 பேரை நான்கு வாரம் ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு. தட்டில் வைத்ததில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆலை உணவு கொடுத்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாகத் தினமும் 500 கலோரி கூடுதலாகத் தின்றிருக்கிறார்கள். நம் கணக்கில் ஏழெட்டு இட்லி. இரண்டு வாரத்தில் எடை 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். எது ருசி என்று கேட்டபோது அவர்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்புத்தான் கொடுத்தார்கள். ருசிக்கு மயங்கி அதிகம் தின்றார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆலை உணவை வேகமாகத் தின்றார்கள். மெல்ல வேண்டிய வேலை குறைவாக இருந்ததால், வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டு காலியாகியிருக்கலாம்.

அந்த இருபது பேரும் வளர்ப்புச் சரியில்லாதவர்களா? ஒரே ஆள்தான், இந்த இரண்டு வாரம் அடக்கமாகச் சாப்பிட்டார், அந்த இரண்டு வாரம் அடக்கமில்லாமல் சாப்பிட்டார். மாறியது ஆள் இல்லை, பண்டம்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். முறுக்கும் சேவும் மட்டும் என்ன மூலிகையா? அதிலும் மாவும் எண்ணெயும்தானே? உண்மை. கடலை மிட்டாயிலும் வெல்லப்பாகு நிறைய உண்டு, என் மாதிரி சர்க்கரைக்காரன் தொடக் கூடாது. பக்கத்து பேக்கரியில் போடும் பப்ஸும் உடம்புக்கு ஆகாது. நான் பழையது எல்லாம் அமிர்தம் என்று வாதாட வரவில்லை. ஆனால் என் அம்மா தீபாவளிக்கு முறுக்குச் சுட்டால், மாவு இடிப்பதிலிருந்து டின்னில் அடுக்குவது வரை இரண்டு நாள் வேலை. டின் காலியானால் அடுத்த பண்டிகை வரைக்கும் கிடையாது. கடித்தால் பல் வேலை செய்ய வேண்டும். இதுவோ 5 ரூபாய்க்கு, வருடத்தின் 365 நாளும், பள்ளிக்கூடத்திலிருந்து அறுபது எட்டில், நாலு வயசுக் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

அந்த உயரம்கூட என் விருப்பம் இல்லை. ஒரு கம்பெனி சேல்ஸ்மேன் இரும்பு ரேக்கை இலவசமாகக் கொண்டுவந்து வைத்தார். கீழ்த்தட்டில்தான் பிள்ளைகள் சரக்கு இருக்க வேண்டும், முன்பக்கம் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும், அப்படி வைத்தால் மாதாமாதம் டிஸ்பிளே காசு என்றார். நான் வாங்கினேன். அந்தக் காசு கடைக் கரண்டு பில்லுக்குச் சரியாக இருந்தது. மாதம் ஒரு தடவை வந்து ரேக்கைப் படம் எடுத்துக்கொண்டு போவார். கடலை மிட்டாய் போடுகிறவர் சைக்கிளில் வருகிறார். அவரிடம் ரேக்கும் இல்லை, ஸ்கீமும் இல்லை.

சரி, இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது, படித்துப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும் என்பது இதுவரைக்கும் உள்ள ஏற்பாடு. உங்கள் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி அந்த விவரம் ஆங்கிலத்தில் இருக்கலாம், அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருக்கலாம். மற்ற மொழி வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததை யார் செய்வார்கள்? என் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்கள். தமிழ் நன்றாகப் படிப்பார்கள். பிள்ளைக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இல்லை. அதே கம்பெனி முன்பக்கத்தில் விளம்பர வாசகத்தைத் தமிழில் போடுகிறது. விற்பதற்குத் தமிழ் தெரிகிறது, உள்ளே இருப்பதைச் சொல்லத் தெரியவில்லை.

படித்தவர்களுக்கும் அந்தக் கட்டம் விளங்காது. 100 கிராமுக்கு இவ்வளவு, ஒரு பரிமாறலுக்கு இவ்வளவு, அன்றாடத் தேவையில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். ஒரு பரிமாறல் என்பது மூன்று பிஸ்கட். மூன்று பிஸ்கட்டோடு பாக்கெட்டை மடித்து வைத்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. அன்றாடத் தேவை என்பது 2,000 கலோரி தின்கிற பெரியவருக்குப் போட்ட கணக்கு. பொம்மை படம் போட்டு விற்பதோ நாலு வயசுக்கு.

இதற்கு நீங்கள் யோசித்த மருந்து நட்சத்திரம். அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை. அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மனசு கனத்தது. எங்கள் ஊரில் நட்சத்திரம் என்றால் நல்லது. பிள்ளையின் நோட்டில் டீச்சர் போடுவது நட்சத்திரம், பெரிய ஓட்டலுக்குக் கொடுப்பது நட்சத்திரம். ஒன்றரை நட்சத்திரம் போட்ட சிப்ஸைக் காட்டி, "இது ஆகாதுன்னு அர்த்தம் ஆச்சி" என்று அந்தப் பாட்டிக்கு எப்படிப் புரியவைப்பேன்? "நட்சத்திரம் போட்டது குடு" என்றுதான் கேட்பார். அதோடு உங்கள் வரைவில் நாரோ புரதமோ கொட்டைப் பருப்போ சேர்த்தால் சர்க்கரைக்கு வெட்டிய மதிப்பெண்ணைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. பிஸ்கட்டில் நாலு பாதாம் தூளைத் தூவினால் சர்க்கரை குறைந்துவிடுமா? நான்கு வருடம் விருப்பம் இருந்தால் போடலாம் என்று வேறு சொல்லியிருந்தீர்கள்.

உங்களிடமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பச்சைப் புள்ளி. சைவப் பண்டம் என்பதற்குக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட என் கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறார். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவர்கள் கேக் வாங்கும்போது அதைத்தான் தேடுகிறார்கள். ஒரு வார்த்தை இல்லை, ஓர் எண் இல்லை. ஒரே பார்வையில் தெரிகிறது. அதை இந்த நாடு முழுக்கப் போட முடிந்தது என்றால் "உப்பு அதிகம்" என்பதை ஏன் போட முடியாது? பீடிக்கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் 2016இலிருந்து 85 சதவீத இடத்துக்குப் படம் போட்டு எச்சரிக்கிறோம். அதைப் போட்ட பிறகும் அந்தக் கம்பெனிகள் மூடிவிடவில்லை.

சிலி நாட்டில் 2016இல் கறுப்பு எண்கோணம் கொண்டுவந்தார்கள். சர்க்கரை அதிகம், உப்பு அதிகம், கொழுப்பு அதிகம், கலோரி அதிகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை. முத்திரை விழுந்த பண்டத்தில் பிள்ளைகளை இழுக்கும் பொம்மை படம் கூடாது, பள்ளிக்கூடத்தில் விற்கக் கூடாது. முதல் ஒன்றரை வருடத்திலேயே முத்திரை விழுந்த இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது. பல கம்பெனிகள் முத்திரைக்குப் பயந்து சர்க்கரையைக் குறைத்தன. 2020இல் மெக்சிகோவும் அதே வழியில் போனது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023இல் வந்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. அந்த 10.1 கோடியில் நான் ஒருவன். நமக்கு அவசரம் இல்லையா?

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. டால்டா மாதிரி இறுகவைத்த எண்ணெயில் வருகிற, இதயத்துக்கு ஆகாத டிரான்ஸ் கொழுப்பு, பண்டத்தில் உள்ள மொத்த எண்ணெய், கொழுப்பில் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2022 ஜனவரி 1 முதல் கட்டினீர்கள். என் கடைக்கு டால்டா வருவதும் நிற்கவில்லை, பிஸ்கட் வருவதும் நிற்கவில்லை. ஒரு சரக்குக்குக்கூடத் தட்டுப்பாடு வரவில்லை. தேதி போட்டுச் சொன்னால் கம்பெனிகள் செய்கின்றன.

பள்ளிக்கூட விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகம் உள்ள பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் விதி போட்டிருக்கிறீர்கள். என் கடை அந்த 50 மீட்டருக்குள்தான் வரும். இப்படி ஒரு விதி இருப்பது எனக்குப் போன வருடம் மகள் சொல்லித்தான் தெரியும். தெரிந்த பிறகு சரங்களை முன்னாலிருந்து எடுத்து உள்ளே மாட்டினேன், ரேக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ஆனால் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று எனக்கு எப்படித் தெரியும்? பாக்கெட்டில் "இது அதிகம்" என்று எழுதியிருக்கவில்லையே. ரஸ்க் கூடுமா, பழச்சாறு என்று போட்ட பெட்டி கூடுமா, பால் சேர்த்த சாக்லேட் கூடுமா? முத்திரை இருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, முத்திரை உள்ளது உள்ளே போகும், இல்லாதது வெளியே தொங்கும். இன்றைக்கு நான் ஒருவன் எடுத்தால் அந்த ஐந்து ரூபாய் எதிர்க் கடைக்குப் போகிறது, பிள்ளை வயிற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. போன டிசம்பர் மாதம் எனக்கு இதில் நாலாயிரம் ரூபாய் வியாபாரம் குறைந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் தாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

நான் உங்களிடம் கேட்பது இவை.

நட்சத்திரத்தைக் கைவிட்டுவிட்டோம் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அதற்குப் பதிலாகச் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவைத் தாண்டிய ஒவ்வொரு பாக்கெட்டின் முன்பக்கத்திலும் எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்குங்கள். கறுப்போ சிவப்போ, பச்சைப் புள்ளி மாதிரி எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும். எந்த அளவைத் தாண்டினால் முத்திரை என்பதை 100 கிராம் கணக்கில் வையுங்கள், பரிமாறல் கணக்கில் வேண்டாம். நாரையும் பருப்பையும் காட்டி முத்திரையிலிருந்து தப்பிக்க வழி விடாதீர்கள்.

முத்திரையில் உள்ள வார்த்தைகளும் சேர்மானப் பட்டியலும் விற்கிற மாநிலத்தின் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குத் தமிழ். மிட்டாய் மாதிரிச் சின்னப் பொட்டலங்களில் சில விவரங்களைப் போடாமல் விடலாம் என்று இன்றைக்கு இருக்கிற விலக்கு இந்த முத்திரைக்குப் பொருந்தக் கூடாது. பிள்ளைகள் கையில் போவது அந்தச் சின்னப் பொட்டலம்தான்.

முத்திரை விழுந்த பண்டத்தில் பொம்மை படமும் உள்ளே விளையாட்டுப் பொருளும் கூடாது. உள்ளே தூளாக மட்டும் இருக்கிற காயையும் பழத்தையும் முன்பக்கத்தில் முழுசாகப் படம் போடவும் கூடாது.

50 மீட்டர் விதியைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு அச்சடித்து, எந்தெந்த வகைப் பண்டம் என்ற பட்டியலோடு, பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு கடைக்கும் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். ரேக்கும் டிஸ்பிளே காசும் கொடுத்துப் பள்ளி வாசலில் அடுக்க வைக்கிற கம்பெனியையும் அந்த விதிக்குள் கொண்டுவாருங்கள். கடைக்காரனை மட்டும் பிடித்தால் போதாது.

நிபுணர் குழுவின் பரிந்துரையை முழுசாகப் பொதுவில் வையுங்கள். குழுவின் கூட்டங்களில் உணவுக் கம்பெனிகளின் சார்பில் யார் யார் பேசினார்கள் என்பதையும் சேர்த்து வையுங்கள்.

கடைசியாக, ஒரு தேதி. இந்த நாளிலிருந்து முத்திரை இல்லாத பாக்கெட் ஆலையை விட்டு வெளியே வரக் கூடாது என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள். இந்த மடலை அச்செடுத்துப் பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பினால் கடையில் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.